வழக்கு நடக்கட்டும், வட்டி நிற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பிரிட்டனில் கான்ட்ராக்டராக வேலை பார்த்த தமிழர் வீடுகளில், வரித்துறையான எச்எம்ஆர்சி அனுப்பிய பழுப்பு உறைகள் பிரிக்கப்படாமலே கிடப்பது புதிதல்ல. கான்ட்ராக்டர் என்றதும் ரோடு போடுபவரை நினைக்க வேண்டாம். வங்கிக்கோ மருத்துவமனைக்கோ ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஒப்பந்தத்தில் கணினி வேலை செய்து தருபவரைச் சொல்கிறோம். முன்தேதியிட்ட வரியை, அதாவது இப்போது சட்டம் போட்டுப் பழைய வருடங்களுக்கும் கேட்கும் வரியை, எதிர்த்து வழக்காடுவதா, கேட்டதைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பதா என்றுதான் அவர்களில் பலர் கேட்கிறார்கள். கேள்வியிலேயே பிசகு இருக்கிறது. வழக்கு ஒரு வேலை, பணத்துக்கு ஏற்பாடு செய்வது இன்னொரு வேலை. முதலாவதைத் தொடங்கிவிட்டோம் என்பதற்காக இரண்டாவது காத்திருக்காது.

வழக்குகளின் கதையை முதலில் பார்த்துவிடலாம். முதலாவது, ஒரு வரித் தவிர்ப்புத் திட்டத்தை முடக்கிய சட்டத்தைப் பற்றியது. 2008 மார்ச் பட்ஜெட்டின் 66ஆம் அறிவிப்பில் வந்தது என்பதால் அதற்கு ‘பிஎன் 66’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. திட்டம் இதுதான்: ஐல் ஆஃப் மான் தீவில் ஒரு டிரஸ்ட்; அதன் டிரஸ்டிகளைக் கூட்டாளிகளாகக் கொண்ட ஒரு கூட்டாண்மை. கான்ட்ராக்டர் உழைத்துச் சம்பாதித்தது அந்தக் கூட்டாண்மையின் லாபமாகக் கணக்கில் ஏறி, டிரஸ்ட் வழியாக அவர் கைக்கே திரும்பி வரும். இரட்டை வரி ஒப்பந்தப்படி அந்த லாபத்துக்கு பிரிட்டனில் வரி கிடையாது என்பது திட்டத்தை விற்றவர்களின் வாதம். 2008 நிதிச் சட்டத்தின் 58ஆம் பிரிவு இந்த ஓட்டையை அடைத்தது. இனிமேல் கூடாது என்று சொல்லியிருந்தால் யாரும் முணுமுணுத்திருக்க மாட்டார்கள். இதேபோன்ற ஓட்டையை அடைக்க 1987இல் கொண்டுவந்த சட்டத்துக்கு அன்று முதலே இதுதான் பொருள் என்று எழுதிவிட்டார்கள்.

ஹூட்சன் என்ற கான்ட்ராக்டரின் பெயரில் நடந்த வழக்கு 2010இல் உயர் நீதிமன்றத்திலும் 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றது. ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2015இல் மனுவை விசாரணைக்கே ஏற்கவில்லை. சட்டம் வந்த நாளிலிருந்து ஏறத்தாழ ஏழு வருடம் ஓடிவிட்டது. பின்னால் காத்திருந்தவர்களில், தகராறில் உள்ள வரியை எச்எம்ஆர்சியிடம் முன்பணமாகக் கட்டி வைக்காதவர்களுக்கு அத்தனை வருடமும் வட்டி ஏறிக்கொண்டிருந்தது.

ஏன் தோற்றது என்பதைத் தெரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் இன்றைக்கும் அதே வாதத்தை நம்பிக் கட்டணம் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். மனித உரிமை உடன்படிக்கையின் முதல் நெறிமுறை சொத்துரிமையைக் காக்கிறது. ஆனால் வரி விஷயத்தில் அரசுகளுக்கு அது மிக அகலமான வெளியை விட்டுவைக்கிறது. பொது நலனுக்கும் தனிமனித உரிமைக்கும் இடையே நியாயமான சமநிலை இருக்கிறதா என்று மட்டும்தான் நீதிமன்றம் பார்க்கும். செயற்கையாக அமைத்த வரித் தவிர்ப்புத் திட்டத்தில் சேர்ந்தவருக்குச் சமநிலை சாய்வது அபூர்வம். வரித்துறை பல வருடம் சும்மா இருந்ததே என்ற கோபம் நியாயமானதுதான். அது தீர்ப்பைத் திருப்பப் போதவில்லை.

பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. வரித் தீர்ப்பாயத்துக்கு நாடாளுமன்றச் சட்டத்தை ரத்து செய்யும் அதிகாரம் இல்லை. உயர் நீதிமன்றமும் அதற்கு மேலுள்ளவையும் 1998 மனித உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ் ‘இந்தச் சட்டம் உடன்படிக்கைக்கு ஒவ்வாதது’ என்று அறிவிக்கலாம். அப்படி அறிவித்தாலும் சட்டம் செல்லும், உங்களுக்கு வந்த வரி பில்லும் செல்லும். அதைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் விருப்பம். ‘கோர்ட்டில் ஜெயித்தால் எல்லாம் போய்விடும்’ என்று சொல்லி நிதி திரட்டுபவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

அடுத்து வந்த லோன் சார்ஜ், அதாவது சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுத்த கடன்கள் மீதான வரி, இன்னும் பெரிய வலை. திட்டம் இப்படி: குறைந்தபட்சக் கூலி அளவுக்கு ஒரு சம்பளம், மீதி ‘கடன்’, கடனுக்கு வருமான வரி இல்லை என்ற கணக்கில். மாதாமாதம் வங்கிக் கணக்கில் இரண்டு வரவு வைக்கப்படும். ஒன்று நிறுவனத்தின் பெயரில், பே ஸ்லிப்பில் உள்ள தொகைக்கு அச்சாகப் பொருந்தும். மற்றது வெளிநாட்டு டிரஸ்டிடமிருந்து வரும், பே ஸ்லிப்பில் அதற்குச் சுவடே இருக்காது. திருப்பிக் கட்ட வேண்டாத கடன் என்று விற்பவர் வாயால் சொல்வார், காகிதத்தில் திருப்பிக் கட்ட வேண்டிய கடன் என்றுதான் இருக்கும். 2016 பட்ஜெட்டில் அறிவித்து, 2017இன் இரண்டாவது நிதிச் சட்டத்தில் கொண்டுவந்த விதிப்படி, 1999 ஏப்ரல் 6க்குப் பிறகு வாங்கி 2019 ஏப்ரல் 5 அன்று நிலுவையில் இருந்த எல்லாக் கடனும் அந்த ஒரே வருடத்தின் வருமானம் ஆனது. கடன் இன்று நிலுவையில் இருக்கிறது, இன்றைக்கு வரி போடுகிறோம், இது முன்தேதியிட்டதே அல்ல என்று அரசு சொன்னது. இருபது வருடச் சம்பாத்தியத்தை ஒரே நாளில் வரிக்கு இழுப்பதற்கு வேறு என்ன பெயர் வைப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஒரே வருடத்தில் குவிப்பதன் வலி கணக்கில் தெரியும். ஐந்து வருடம், வருடத்துக்கு 40,000 பவுண்டு கடன், ஆக 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வேறு வருமானம் எதுவும் இல்லை என்றும் கொள்வோம். 2018–19இல் மொத்தமாக ஏற்றினால் வரியில்லாத அடிப்படைத் தொகை முழுவதும் போய்விடும், கடைசி 50,000க்கு 45 சதவீதம் விழும். இங்கிலாந்து விகிதப்படி வரி 75,600 பவுண்டு. அதே 2 லட்சத்தை மூன்று வருடங்களுக்குச் சமமாகப் பிரித்தால் ஏறத்தாழ 43,400. கடன் அதேதான், ஆளும் அதே ஆள்தான். வித்தியாசம் 32,000 பவுண்டுக்கு மேல்.

அப்படிப் பிரிக்கும் வசதி நீதிமன்றம் கொடுத்ததல்ல. எம்பிக்களுக்குக் கடிதம் எழுதி, நாடாளுமன்றக் குழுக்கள் முன் பேசி, அரசை நெருக்கியதால் முன்னாள் தலைமைத் தணிக்கையாளர் சர் அமியாஸ் மோர்ஸ் தலைமையில் ஆய்வு நடந்தது. 2019 டிசம்பரில் அறிக்கை வந்தது. 2020 நிதிச் சட்டம் மூன்று வருடப் பிரிப்பைத் தந்தது. 2010 டிசம்பர் 9க்கு முந்தைய கடன்களை லோன் சார்ஜிலிருந்து விலக்கியது. அந்தத் தேதியிலிருந்து 2016 ஏப்ரல் 5 வரையிலான கடன்களிலும், வருமானக் கணக்கில் போதிய அளவு சொல்லியிருந்து எச்எம்ஆர்சி நடவடிக்கை எடுக்காமல் விட்டிருந்தால் அந்த வருடங்களுக்கு விலக்கு கிடைத்தது. சுமார் 50,000 பேரில் 11,000 பேர் முழுவதும் வெளியே வருவார்கள் என்று எச்எம்ஆர்சியே மதிப்பிட்டது. இதே விஷயத்தில், அரசின் நடவடிக்கை சட்டப்படி சரியா என்று பார்க்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் போட்ட நீதிப் புனராய்வு மனுக்கள் 2020இல் தள்ளுபடியாயின. பணமும் நேரமும் குறைவாக இருப்பவர் வக்கீலுக்கு எழுதும் முன் தன் தொகுதி எம்பிக்கு எழுதுவது மேல் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். இந்தியாவிலும் வோடஃபோன் விவகாரத்தில் 2012இல் வந்த முன்தேதியிட்ட திருத்தத்தை 2021இல் நாடாளுமன்றம்தான் திரும்பப் பெற்றது.

இனி வரி பில். கையில் இருக்கும் காகிதம் எது என்று தெரியாமல் பதில் எழுதுவதால்தான் பாதி வழக்குகள் கெடுகின்றன. விசாரணை தொடங்கிய கடிதம் என்றால் அது இன்னும் பில் ஆகவில்லை. அது வருடக்கணக்கில் இழுத்தால், விசாரணையை முடித்துவைக்கும் நோட்டீஸ் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்கலாம். அந்த முடிப்பு நோட்டீஸோ, பழைய வருடத்தைத் தோண்டி எடுத்த ‘டிஸ்கவரி’ மதிப்பீடோ வந்தால் மேல்முறையீட்டுக்கு 30 நாள். கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள், அதில் அச்சிட்ட தேதியிலிருந்து எண்ணுங்கள். டிஸ்கவரி என்றால் காலக்கெடுவையும் பாருங்கள். சாதாரணமாக 4 வருடம், கவனக்குறைவு என்றால் 6, வேண்டுமென்றே செய்தது என்றால் 20. எந்தக் காரணத்தைச் சொல்லி நீட்டியிருக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ‘முன்தேதியிட்ட வரி அநியாயம்’ என்ற பெரிய வாதம் தோற்ற இடத்திலும் ‘இந்த நோட்டீஸ் காலம் கடந்தது’ என்ற சின்ன வாதம் ஜெயிக்கும்.

மேல்முறையீடு செய்தவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மேல்முறையீட்டுக் கடிதம் மட்டும் வசூலை நிறுத்தாது. வரியை ஒத்திவைக்கும்படி தனியாகக் கேட்க வேண்டும், எவ்வளவு தொகை, என்ன காரணம் என்று குறிப்பிட்டு. அந்த ஒரு பத்தி இல்லாவிட்டால் மேல்முறையீடு ஒரு பக்கம் உறங்கும், கடன் வசூல் பிரிவு மறுபக்கம் கதவைத் தட்டும். ஒத்திவைத்தாலும் வட்டி நிற்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

லோன் சார்ஜை நீங்களே வருமானக் கணக்கில் காட்டியிருந்தால் அதை எதிர்த்து மேல்முறையீடு என்று ஒன்று கிடையாது, அது உங்கள் சொந்த மதிப்பீடு. கணக்கு தாக்கல் செய்யும் கடைசி நாளிலிருந்து 12 மாதத்துக்குள் திருத்தலாம். தாண்டிவிட்டால், அந்த வரி ஆண்டு முடிந்து 4 வருடத்துக்குள் அதிகம் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கும் வழி ஒன்று இருக்கிறது.

2014 நிதிச் சட்டத்தில் வந்த முன்கூட்டிக் கட்டும் நோட்டீஸ், அதாவது ஏபிஎன், வேறு ஜாதி. தகராறு முடியும் முன்பே முழு வரியையும் 90 நாளில் கட்டு என்கிறது. தீர்ப்பாயத்துக்குப் போக வழியில்லை. 90 நாளுக்குள் எச்எம்ஆர்சிக்கே ஆட்சேபம் எழுதலாம். அதற்கு மேல் நீதிப் புனராய்வுதான், அதற்கும் தாமதமின்றி, எப்படியானாலும் மூன்று மாதத்துக்குள் மனு போட வேண்டும். கட்டாவிட்டால் 5 சதவீத அபராதம், பிறகு ஐந்தாம் மாத முடிவிலும் பதினோராம் மாத முடிவிலும் இன்னும் ஐந்தைந்து. ‘ஃபாலோயர்’ நோட்டீஸ் என்பது, உங்களுடையது போன்ற திட்டம் வேறொரு வழக்கில் தோற்றுவிட்டது, நீங்களும் விட்டுக்கொடுங்கள் என்பது. கடன் திட்டங்களுக்கு 2017 ஜூலையில் ரேஞ்சர்ஸ் கால்பந்து கிளப் வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அப்படிப்பட்டது. விட்டுக்கொடுக்காமல் போனால் வரியில் 30 சதவீதம் வரை அபராதம் வரும். திவாலுக்கு முந்தைய சட்டபூர்வ டிமாண்ட் வந்துவிட்டால் அதை ரத்து செய்யக் கேட்க 18 நாள்தான்.

பணத்துக்கு வருவோம். எச்எம்ஆர்சியின் தாமத வட்டி 2025 ஏப்ரல் 6 முதல் பேங்க் ஆஃப் இங்கிலாந்து அடிப்படை வட்டிக்கு மேல் 4 சதவீதம். அடிப்படை 4 என்றால் மொத்தம் 8. 60,000 பவுண்டு தகராறில் இருந்தால் மாதம் 400 பவுண்டு. தனிவட்டிதான், வட்டிக்கு வட்டி இல்லை என்பது ஒரு சிறு ஆறுதல். ஐந்து வருடத்தில் 24,000. அதே பணத்தை இப்போதே முன்பணமாகக் கட்டிவிட்டு நீங்கள் ஜெயித்தால், அடிப்படை வட்டியில் 1 குறைத்து, 3 சதவீத வட்டியோடு திருப்பித் தருவார்கள். சேமிப்புக் கணக்கில் போட்டால் நாலு வரலாம், அதற்கும் வரி உண்டு. கட்டாமல் வைத்திருந்து தோற்றால் எட்டு போகும், கட்டிவிட்டு ஜெயித்தால் ஒன்று குறையும். வழக்கு நிச்சயம் ஜெயிக்கும் என்று நம்புபவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் முன்பணம் கட்டுவதே லாபம். முன்பு இதற்கென்றே வரி டெபாசிட் சான்றிதழ் என்று ஒன்று இருந்தது. 2017 நவம்பரில் புதிதாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

முன்பணம் கட்டுவதில் ஒரு நுணுக்கம். பத்து இலக்க வரி எண்ணும் கடைசியில் ‘கே’ எழுத்தும் போட்டு அனுப்பிவிட்டு இருந்துவிட்டால், கணினி அதை வேறு பாக்கியில் வரவு வைக்கும், அல்லது உபரி என்று திருப்பி அனுப்பும். கேஸ் அதிகாரிக்கு முன்கூட்டியே எழுதி, ‘தகராறில் உள்ள இந்த வரி ஆண்டுக்கு, கடப்பாட்டை ஒப்புக்கொள்ளாமல் கட்டும் முன்பணம்’ என்று ஆண்டையும் தொகையையும் குறிப்பிட்டு, வரவு வைத்ததற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஒரே தவணையில் முடியாவிட்டால் பகுதி பகுதியாகக் கட்டுங்கள், கட்டிய அளவுக்கு வட்டி நிற்கும். கையில் ஒதுக்கும் மீதிப் பணம் 90 நாளில் எடுக்கக்கூடியதாக இருக்கட்டும். பென்ஷனில் போட்டுப் பூட்டியவர்கள் ஏபிஎன் வந்தபோது தவித்தார்கள்.

முன்பணம் கட்டுவதும், தகராறை முடித்துக்கொள்ள எச்எம்ஆர்சியோடு போடும் செட்டில்மென்ட் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதும் ஒன்றல்ல. முன்பணம் வட்டியை நிறுத்தும், உரிமையைத் தொடாது. செட்டில்மென்ட் ஒப்பந்தம் கதவைச் சாத்திவிடும். 2025இல் வரி நிபுணர் ரே மெக்கான் தலைமையில் லோன் சார்ஜ் பற்றி நடந்த அடுத்த ஆய்வு இன்னும் முடித்துக்கொள்ளாதவர்களைப் பற்றியதாகவே இருந்தது, ஏற்கெனவே கையெழுத்திட்டுக் கட்டி முடித்தவர்கள் அதன் வரம்புக்குள் இல்லை. அந்த ஆண்டு நவம்பர் பட்ஜெட்டோடு வெளியான அறிக்கையைத் தொடர்ந்து அரசு புதிய செட்டில்மென்ட் வாய்ப்பை அறிவித்தபோது, சொன்னபடி ஒழுங்காகக் கட்டியவர்கள் வயிறெரிந்ததில் வியப்பில்லை. இதனால் யாரும் கையெழுத்தே போடக் கூடாது என்று சொல்லவில்லை. போடும் முன் எந்தெந்த வருடம், எந்தெந்தக் கடன் சேர்ந்திருக்கிறது, காலம் கடந்த வருடத்தை நைசாக நுழைத்திருக்கிறார்களா, டிரஸ்டுக்கான வாரிசு வரி பற்றி என்ன சொல்கிறது, கடனை டிரஸ்ட் பிற்பாடு தள்ளுபடி செய்தால் மறுபடி வரி வருமா என்று வரி வரியாகப் பாருங்கள்.

கூட்டு வழக்கில் சேருபவர்கள் ஒரு கேள்வி கேட்கட்டும்: தோற்றால் எதிர்த்தரப்புச் செலவு யார் தலையில்? தீர்ப்பாயத்தில் சாதாரண வழக்குகளுக்கு அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை. உயர் நீதிமன்றத்தில் உண்டு.

ஆவணங்களை இன்றே சேகரியுங்கள். கடன் ஒப்பந்தங்கள், டிரஸ்ட் பத்திரம், பே ஸ்லிப்கள், இரண்டு வரவும் தெரியும் வங்கி அறிக்கைகள், திட்டத்துக்குக் கட்டிய கட்டணத்தின் ரசீதுகள். வங்கிகள் பழைய அறிக்கைகளை என்றென்றைக்கும் வைத்திருக்கமாட்டா. நீங்கள் தாக்கல் செய்த பழைய வருமானக் கணக்குகள் இல்லையென்றால் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி எச்எம்ஆர்சியிடமே கேட்டு வாங்கலாம், பதில் தர ஒரு மாதம் கெடு. அதில் திட்டத்தின் எட்டு இலக்கப் பதிவு எண்ணும், கூடுதல் தகவல் பெட்டியில் எழுதிய வரிகளும் இருக்கிறதா என்று பாருங்கள். 2010–2016 விலக்குக்கு ‘போதிய அளவு சொன்னேன்’ என்று நிரூபிப்பது அந்த வரிகள்தான்.

மூன்று பொறிகள். பழைய திட்டத்தை விற்றவரோ அவருடைய பங்காளியோ வந்து, லோன் சார்ஜிலிருந்து தப்பிக்கப் புதிய திட்டம் என்பார். ஒரு வரி போதாதென்று இரண்டாவது வரியும் புதுக் கட்டணமும்தான் மிச்சமாகும். இரண்டாவது, முன்பின் தெரியாத கம்பெனி ஒன்று ‘உங்கள் கடனை டிரஸ்டிடமிருந்து வாங்கிவிட்டோம், திருப்பிக் கட்டுங்கள்’ என்று எழுதும். வரித்துறையோடு முடித்துக்கொண்டாலும் கடன் தானாக அழியாது, அது வேறு ஆளோடு உள்ள வேறு ஒப்பந்தம். பதற்றத்தில் ‘ஆமாம், தர வேண்டியதுதான், கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்’ என்று எழுதிவிடாதீர்கள். இங்கிலாந்துச் சட்டப்படி, காலக்கெடு முடியாத கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ ஒரு பகுதியைக் கட்டினாலோ கெடு மறுபடி முதலிலிருந்து ஓடும். ஒப்பந்தம் எந்த ஊர்ச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்டது என்று பார்த்து, வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள். மூன்றாவது நம்மவர்களுக்கே உரியது: வீட்டை மனைவி பெயருக்கு மாற்றிவிடுவது. திவால் மனுவுக்கு முந்தைய ஐந்து வருடத்தில் குறைந்த விலைக்கோ சும்மாவோ கைமாறிய சொத்தை நீதிமன்றத்தால் திரும்ப இழுக்க முடியும். கடன்காரரை ஏய்க்கும் நோக்கம் தெரிந்தால் ஐந்து வருடத்தைத் தாண்டியும் இழுக்கலாம்.

கட்டவே வழியில்லாதவர்கள் பேசாமல் இருப்பதுதான் ஆபத்து. லோன் சார்ஜுக்கு, ஆண்டு வருமானம் 50,000 பவுண்டுக்குக் கீழ், விற்றுப் பணமாக்கும் சொத்து இல்லை என்றால் குறைந்தது 5 வருடத் தவணை, 30,000க்குக் கீழ் என்றால் குறைந்தது 7 வருடம் என்று எச்எம்ஆர்சி அறிவித்திருக்கிறது. குடியிருக்கும் வீட்டை விற்கச் சொல்வதில்லை என்றும் சொல்லியிருக்கிறது. தவணை முடியும்வரையிலான காலத்துக்கும் வட்டி உண்டு. இந்தப் பில்லால் உயிரையே விட்டவர்கள் இருக்கிறார்கள். மனம் அந்த அளவுக்கு நொந்திருந்தால் சமாரிட்டன்ஸ் அமைப்பை 116 123 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

ஊருக்குத் திரும்பிவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டனில் நீங்கள் கடைசியாகக் கொடுத்த முகவரிக்கு அனுப்பிய நோட்டீஸ் செல்லுபடியாகும். அந்த வீட்டில் இப்போது யார் குடியிருந்தாலும் 30 நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இந்தியா–பிரிட்டன் வரி ஒப்பந்தத்துக்கு 2012இல் கையெழுத்தான திருத்தப்படி வரி வசூலில் இரு நாடுகளும் ஒன்றுக்கொன்று உதவலாம் என்பதால், சென்னையிலோ கோவையிலோ இருப்பது தனிப் பாதுகாப்பு ஆகாது. எச்எம்ஆர்சியில் முகவரியை மாற்றிவிட்டு, லண்டனில் ஒரு கணக்காளரை முகவராகப் பதிந்து, கடித நகல் அவருக்கும் போகும்படி செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கான்ட்ராக்டர்களின் வரிக் கணக்குகளைக் கையாளும் ஆலோசகர்கள் சிலர்,
லண்டன்